ஆட்டைத் திவசத்து இலையில் சோளம்

கட்டுக்கரைக் குளத்து நீரில் சிறுபோகப் பயிர் செய்யும் மச்சாள், என் மனைவியின் தங்கை, ஒவ்வோர் ஆவணியிலும் ஓர் உரப்பை நிறையப் பச்சைச் சோளப்பொத்திகளோடு மன்னாரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று முழுவதும் சகோதரிகள் இருவரும் குசினிக்குள்தான். பொத்தியை உரித்து, கொதிநீரில் சில நிமிடம் இட்டு, உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, கத்தியால் மணிகளைச் சீவி, பைகளில் அடைத்து உறைய வைப்பார்கள். மாரி மழை தொடங்கியபின் அந்தப் பைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். தேங்காய்ப்பூவும் மிளகுத்தூளும் சேர்த்துத் தாளித்த அந்தச் சோளம் என் மனைவிக்கு வேறெந்தப் பலகாரத்தையும்விடப் பிடித்தமானது.

இருவரின் சிரிப்பும் என் மேசைவரை கேட்கும். நான் வாசலில் போய் நின்றால் ஓய்ந்துவிடும். ஒருமுறை, சோளத்தின் இனிப்பைக் கெடுக்கும் நொதியங்களைக் கொதிநீர் எவ்வாறு செயலிழக்கச் செய்கிறது என்று விளக்கத் தொடங்கினேன்.

“அத்தான், நொதியத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்கள் போய்ப் பேப்பரைப் பாருங்கோ,” என்றார் மச்சாள்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எங்கள் நீண்ட இல்லறத்தில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. அதை அன்றே நினைத்துப் பார்த்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு கார்த்திகையில் அவள் இறந்தாள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எனக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். துக்கத்திலும் அவருக்கே முதலிடம் கிடைத்ததைக் கவனித்தபடி நான் கதிரையில் இருந்தேன்.

ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்தன்று, இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சைவமாகச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். அந்த இலையில் வைக்கும் சோளம் என் கையால் ஆனதாக இருக்க வேண்டும். மச்சாளுடையதாக இருக்கக் கூடாது. இந்த ஆவணியில் அவர் தொலைபேசியில் கேட்டார்: “சோளத்தோட நாளைக்கு வாறன் அத்தான். ரெண்டு பேருமாச் செய்வமோ?”

“வேண்டாம். நான் சந்தையில வாங்கிப்போட்டன்.”

அப்போது வாங்கியிருக்கவில்லை. மறுநாள்தான் வாங்கினேன்.

இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு முறை தெரியாததல்ல. பனிக்கட்டி மட்டுமே போதவில்லை. இந்தத் தீவில் அது வேண்டிய மட்டும் கிடைக்குமிடம் இறங்குதுறை. அங்கே உடைத்துக் கொடுத்ததை வாங்கிவந்து, சோளத்தை அமிழ்த்தி, சீவி, பன்னிரண்டு பைகளில் அடைத்து உறைய வைத்தேன். ஒன்றிலும் காற்றுக் குமிழி இல்லை. மூன்று மாதங்கள் குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறந்து அவற்றைப் பார்த்து மகிழ்ந்தேன்.

திவசத்துக்கு முதல் நாள், மச்சாள் சமையலுக்கு உதவ வந்தார். அவர் பார்க்கும்படியாக ஒரு பையைத் திறந்து சட்டியில் கொட்டினேன். ஆவி எழுந்தது.

“இதென்ன அத்தான், மீன் வெடில்!” அவர் மூக்கைப் பொத்தினார். “ஐஸ் எங்க எடுத்தனீங்கள்?”

“இறங்குதுறையில.”

“கடவுளே! மீன் பெட்டிக்குப் போடுற ஐஸோ? அக்கா ரெண்டு நாளைக்கு முன்னமே சுடுதண்ணியை ஆறவிட்டு, சட்டியளில ஊத்தி உங்கட பிரிட்ஜிலதானே ஐஸ் வைக்கிறவ. நீங்கள் காணேல்லையோ?”

குளிரில் மணம் அடங்கியிருக்கும், சூடு பட்டால் எழும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் என் வீட்டில் இரண்டு நாள் இருந்த அந்தச் சட்டிகளை நான் ஒருமுறையேனும் கண்டதில்லை.

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நானும் கொஞ்சம் கொண்டுவந்தனான். நீங்கள் ஓமெண்டால்தான் வைப்பன்.”

அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் எரித்தது. இலையில் சோளமே இல்லாவிட்டால் அவருக்கும் எனக்கும் கணக்குச் சரியாகிவிடும் என்றுகூட எண்ணினேன். ஆனால் கிடைக்காமற்போவது அவளுக்கல்லவா?

“வையுங்கோ,” என்றேன்.

மறுநாள், படைத்து முடிந்து பந்தியில் இருந்தபோது எனக்கும் அதைப் பரிமாறினார். குறை காணும் விருப்பத்தோடு மெல்ல மென்றேன். ஒரு குறையும் இல்லை. என் மனைவி தாளித்தது போலவே இருந்தது.

“எப்பிடி அத்தான்?”

“மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு.”

“ஓமோ?” என்று கேட்டபடியே என் இலையில் இன்னோர் அகப்பை வைத்தார். நான் கையால் மறிக்கவில்லை.