புள்ளி வைக்காத சொல்

எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அதன் கடைசிக்குத்தான் போவார், முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க. இல்லையென்றால் எழுதியவரை மேசைக்கே வரவழைத்து, "வாக்கியத்தை வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டீங்களே" என்பார். அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர் வந்தது அப்படித்தான். மனைவிக்கு அவர் வீட்டுப் பெரும்புள்ளி.

காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. பேருந்தில் ஒட்டிய விளம்பரத்தைக்கூடச் சும்மா விடமாட்டார், விரலால் காற்றிலேயே ஒற்றுப் போடுவார். யாராவது ஒரு சொல்லுக்குத் தப்பான பொருள் சொல்லிவிட்டால் அன்றைக்கு மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவர்தான் ஒரு சொல்லில் கோட்டை விட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், பேஸ் ஜம்ப் பழகுகிறேன் என்றாள். பெற்றவள் பதற, இவர் சமாதானம் சொன்னார்: "பேஸ்னா அடி. அடியில இருந்து குதிக்கிறவ எங்க விழப்போறா?" தெரிந்த சொல்லுக்கு எதற்கு அகராதி என்ற நினைப்பு. பிறகு அவள் அனுப்பிய படங்களை, ஊர் சுற்றுகிறாள் என்று அலுவலகம் முழுக்கக் காட்டினார். உயரமான கட்டடம், அலைபரப்புக் கோபுரம், நீண்ட பாலம். இன்று மலைக்குப் போவதாகவும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாகவும் காலையில் சொல்லியிருந்தாள்.

பதினொன்றேகாலுக்குப் புதிய சொற்களின் கட்டு மேசைக்கு வந்தது. மூன்றாவது அட்டையில் அந்தச் சொல். அடியுமில்லை, அடித்தளமுமில்லை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயராம்: கட்டடம், கோபுரம், பாலம், நிலம். நிலம் என்றால் இங்கே செங்குத்துப் பாறை. நான்கின் உச்சியிலிருந்தும் பாராசூட்டோடு குதிப்பது. அது விரியக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

மூன்று படங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நாலாவதுதான் இன்றைய மலை. மகளின் எண்ணுக்கு நான்கு முறை போட்டார். மணி அடித்தது, எடுப்பாரில்லை.

ஐந்தாவது முறை போடுவதற்குள் வீட்டிலிருந்து அழைப்பு.

"ஏங்க, பொண்ணு இன்னும் கூப்பிடலயே. உங்ககிட்டப் பேசினாளா?"

தெரிந்தே ஒரு சொல்லுக்குத் தப்பான பொருள் சொன்னவரில்லை அவர்.

"பேஸ்னா அடிதானேம்மா. கீழதான் இருப்பா."

போனை வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தார். கடைசி வரியில் முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தது. காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, வரி முடியும் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.