கடைசித் தெருவையும் கூப்பிட்டவர்

றோசலின் அக்கா இறந்த செய்தி எனக்குத் தொலைபேசிப் பதிவாகத்தான் வந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே பொத்தானை அழுத்தினேன். எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர் பேசினார். "தம்பி, றோசலின் முடிஞ்சுபோனா. காலமைதான், ஹார்ட் அற்றாக். ஒன்றுகூடல் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாரும். நல்லதாய் எழுதும். பழசுகளைக் கிளறாதையும்." செய்திக்கும் கட்டளைக்கும் நடுவில் மனுசன் மூச்சுக்கூட விடவில்லை.

அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். எங்களைப் பற்றி நல்லதாக எழுத வழி தெரியவில்லை.

ஊர்ச் சனமான உங்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காற்சட்டைகளுக்குப் பை தைத்தவர். மன்னார்க் கரையில் எங்கள் ஊர் சண்டையில் வெறுமையாகி, சனம் ஆளுக்கொரு திக்கில் சிதறியபோது, "செத்தவீட்டில மட்டும் சந்திக்கிறம், இது என்ன சீவியம்?" என்று முதலில் கேட்டவர் அவர்தான். அந்தோனியார் திருநாளை ஒட்டிய சனி, ஞாயிறில் ஆண்டுதோறும் கூடுவது என்று முடிவானது. முதல் வருடம் ரொறன்ரோவிலிருந்தும் ஒட்டாவாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவருடைய இரண்டறை வீட்டில்தான் படுத்தன. அவர் குசினியில் கதிரையில் இருந்தபடியே தூங்கினார்.

அந்தக் கூட்டங்களில் வீடு கூப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று, கோயிலடியில் தொடங்கி ஒவ்வொரு வீட்டையும் ஊரில் இருந்த வரிசைப்படி கூப்பிடுவார். அந்த வீட்டார் எழுந்து "இருக்கிறம்" என்று சொல்ல வேண்டும். யாரும் எழாவிட்டால் அக்காவே பதில் சொல்வார். "அவை மண்டபம் அகதி முகாமில இருக்கினம்." "தாய் மட்டும் மடுக் கோயிலில, பிள்ளையளைத் தெரியாது." கடிதம் போய்ச் சேராத காலத்தில், யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதை நாங்கள் அந்தக் கூட்டத்தில்தான் அறிந்தோம். என் சித்தப்பா உயிரோடிருப்பதை நான் அறிந்தது அப்படித்தான். பெரிய ஆண்கள் வாய்விட்டு அழுதிருக்கிறார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா ஒரு முறை முறைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

நாலைந்து வருடத்தில் ஒன்றியத்துக்கு நிர்வாகக் குழு வந்தது. தலைவர் வந்தார், நான் செயலாளரானேன். அந்த வருடம் கடைசித் தெருவைச் சேர்ந்த யேசுதாசன் ரொறன்ரோவிலிருந்து முதல் தடவையாகக் குடும்பத்தோடு வருகிறான் என்று தெரிந்ததும் குழு கூடியது. ஊரில் அந்தத் தெருச் சனத்துக்குக் கோயிலில் கடைசி வாங்கில்தான் இடம். சாதி என்ற சொல்லைக் கூட்டத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. "அவையள்" என்றார்கள். "அவையள் வரட்டும், சாப்பிடட்டும். ஆனா எங்களோட சேர்த்துக் கூப்பிடத் தேவையில்லை" என்றார் தலைவர். அதுவரை அக்கா அந்தத் தெருவை ஒருமுறைகூடக் கூப்பிடாமல் விட்டதில்லை. அங்கிருந்து யாரும் வராததால் அது எவருக்கும் உறுத்தவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். "நீயுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். யேசுதாசன் பின்வரிசையில் புதுச் சட்டையோடு இருந்தான். பக்கத்தில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். முதல் நாலு தெருவும் முடிந்தன. அக்கா நிறுத்தாமல், "கடைசித் தெரு" என்றார். தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒலிபெருக்கிப் பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

யேசுதாசன் பாதி எழுந்துவிட்டிருந்தான். தன் வீட்டைக் கூப்பிட்டார்களா இல்லையா என்று தெரியாமல், பிள்ளையின் தோளைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அக்கா வெறுங்குரலில் அவன் வீட்டுப் பெயரைச் சொன்னார். அதற்குள் தலைவர், "சரி, சாப்பாடு ரெடி" என்று கத்த, இருநூறு கதிரைகளும் இழுபடும் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. யேசுதாசன் சாப்பிடாமல் வெளியேறினான். அக்காவும் அவர்கள் பின்னால் போனார். அதன் பிறகு அவர் ஒன்றுகூடலுக்கு வந்ததேயில்லை. வீடு கூப்பிடும் வழக்கத்தை நேரமில்லை என்று சொல்லி நாங்கள் நிறுத்தினோம். அந்த இடத்தில் சினிமாப் பாட்டுக்கு நடனம் வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், "அக்கா, இந்தமுறை வாங்கோவன்" என்றேன். காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தலைவரில எனக்குக் கோவமில்லை. அவர் அப்பிடித்தான். நீ அப்பிடியில்லை எண்டு நினைச்சிருந்தன், அதாலதான் உன்னோட கதைக்க ஏலாமக் கிடக்கு." நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

நிலம் உறைந்திருந்ததால் அவரைப் புதைப்பது வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. பூசை மட்டும் நடந்தது. நிர்வாகக் குழு பெரிய மலர்வளையத்தோடு முன்வாங்கில் இருந்தது. யேசுதாசன் வந்திருந்தான். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன். படியில் பனியைத் தட்டிக்கொண்டு நின்றவனிடம் போனேன். என்னைக் கண்டும் அவன் முகம் சுளிக்கவில்லை.

"அண்டைக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அந்தச் சனிக்கிழமை அக்கா ரெலிபோன் எடுப்பா அண்ணை" என்றான். "எங்கட வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. நாங்கள் நாலு பேரும் போனுக்கு முன்னால எழும்பி நிண்டு, இருக்கிறம் எண்டு சொல்லுவம். பேந்துதான் மற்றக் கதை."

"இந்த வருசம் நான் எடுக்கட்டே?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. பிள்ளையளுக்கு உங்களை ஞாபகமிருக்கு" என்று மரியாதையாகவே சொன்னான்.

இந்தப் பக்கத்தை மலரில் போடமாட்டார்கள். ஆகையால் பிரதியெடுத்து உங்கள் ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்புகிறேன். றோசலின் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். நான் நல்லவன் என்று நம்பிய ஒரே ஆள் என்மேல் வைத்திருந்த கோபம் அது. அதைத் தீர்க்க அவர் எனக்குச் சந்தையில் ஒரு வாய்ப்புத் தந்தார். நான் பஸ் வருகிறது என்றேன்.