கல் கீறிய சிவப்பு கார்

அந்த வாடிக்கையாளர் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் தன் சிவப்பு டர்போ காரில் ஏறுவார். வளைகுடாவில் பல வருடம் உழைத்து வாங்கியது. தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் அதை யாரையும் ஓட்டவிட மாட்டார்.

அன்று பிரேக்கைச் சோதிக்கக் கிளம்பியபோது, புதிதாக லைசென்ஸ் வாங்கிய பதினெட்டு வயது மகளிடம் சாவியைக் கொடுத்தார். நான் பின்சீட்டில் இருந்தேன்.

பூதலூர் சாலையில் நெல் காயப் போட்டு, வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் கற்களை வைத்திருந்தார்கள். எதிரே லாரி வர, அவள் நிறுத்தாமல் ஒதுங்கினாள். தாழ்வான கார், முன்பம்பரைக் கல் கிழித்துவிட்டது.

“கல்லு வச்சது கண்ணுக்குத் தெரியலயா பாப்பா?” என்று கத்தினார் நெல் கிளறிய பெண்.

மகள் இறங்கிவிட்டாள். “நீங்களே ஓட்டுங்க அத்தா” என்றாள் தந்தையிடம்.

அவர் பம்பரைப் பார்க்கவில்லை. சிதறிய கற்களை எடுத்து வைத்துவிட்டு, பழையபடி இடப்பக்கம் உட்கார்ந்தார். “ஏறும்மா. பின்னாடி பஸ்காரன் திட்டுறான்.”

சென்டரில் என்னைத் தனியாக அழைத்தார். “ரெடியானதும் சாவியை அவகிட்ட கொடுங்க மேடம். நானே கேட்டாலும் எங்கிட்ட கொடுத்துடாதீங்க.”

பம்பரை மாற்றிய அன்று அவர் தனியாக வந்து சாவி கேட்டார். நான் தரவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, மகளை அழைத்துவரப் போனார். தந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.