ராஜிக் முன்மொழிந்த பெயர்

ஆணைக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுத்த ஒருவனை, பிறகு நாலு பேர் ஓட்டுப் போட்டுத் தங்களுக்காகப் பேச அனுப்பினால், அவன் யாருக்குக் கட்டுப்பட்டவன்? ராஜிக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவருக்கு எழுந்ததா என்பது சந்தேகம்தான்.

கீழக்கரைக்காரர். இராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் இரண்டு வருடம் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். கூப்பிட்டால் போக வேண்டும். அந்தக் காலம் முடியும் முன்பே துபாய் வந்து ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனார். அங்கே சத்வா பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை.

கம்பெனியில் முன்னாள் சிப்பாய்களான தமிழர்கள் நிறைய. தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் உமாபதி, ஓய்வுபெற்ற மேஜர்; கம்பெனியின் ஆபரேஷன்ஸ் மேனேஜரும் அவரே. அவர் உள்ளே வந்தால் எல்லா நாற்காலிகளும் ஒரே சத்தத்தில் பின்னால் நகரும். ஓய்வுபெற்ற அதிகாரிக்கு எழுந்து நிற்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. உடம்புக்கு அது தெரிவதில்லை. ராஜிக் மற்றவர்களை முந்திக்கொண்டு எழுவார். இவரைப் போய் செயலாளர் ஆக்கினோமே என்று ஓட்டுப் போட்டவர்களே முணுமுணுத்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் அவருடைய அறைத் தோழனும் அதே கம்பெனிக் காவலாளியுமான ஈசாவுக்குச் சிக்கல் வந்தது. மாற்று ஆள் வராததால் இரண்டாவது டியூட்டியையும் அவனே பார்த்தான்; வாசல் நாற்காலியில் கண் அசந்தது. யாரோ படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்ப கம்பெனி முடிவு செய்தது. சங்கம் சேர்ந்து தொழிலாளர் துறையில் முறையிட்டால் அவன் தப்பலாம். தனியாகப் போனால் எடுபடாது.

அந்த வாரம் ஈசா ஃபோனில் ஒரு செய்தி படித்தான். எங்கோ ஒரு நாட்டில், ரிசர்வ் படையில் இருந்துகொண்டே தேர்தலில் ஜெயித்த ஒருவர் அதிபரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியிருந்தார். மறுபடி படைக்கு இழுத்து விசாரிப்போம் என்று மிரட்டுகிறார்களாம்.

“அப்படிப் பேசலாமா காக்கா? நீங்களும் ரிசர்வ்தானே.” கீழக்கரை வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில்தான் ராஜிக்கை அவன் காக்கா என்பான்.

“அந்த ஊர்ச் சட்டம் எனக்கென்ன தெரியும்?”

“நம்ம சட்டம்?”

“சோறு ஆறுது. சாப்பிடு.”

“மீன் குழம்பைப் பத்திக் கேட்டிருந்தா இந்நேரம் பத்து நிமிஷம் பேசியிருப்பீங்க.”

ராஜிக் சிரிக்கவில்லை. பயந்துவிட்டார் என்று ஈசா நினைத்தான். அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம். உமாபதி நுழைந்ததும் வழக்கம்போல ராஜிக்தான் முதலில் எழுந்தார். “சங்கம் வேற, கம்பெனி வேற. ஈசா விஷயத்துல சங்கம் தலையிட வேண்டாம்ங்கிறது என் தீர்மானம். எதிர்க்கிறவங்க யாராவது இருந்தா கை தூக்கலாம்” என்றார் உமாபதி. யாரும் அசையவில்லை. பிறகு ராஜிக் மறுபடி எழுந்து, விறைப்பாக நின்று, வலது கையை உயர்த்தினார்.

“என்னப்பா, ஏதாவது கேக்கணுமா?”

“இல்லை சார். எதிர்ப்பு சார்.”

“நீ இன்னும் ரிசர்வ்ல இருக்கே, ராஜிக். ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார். கூப்பிட்டா போயிருவேன் சார். கை இப்ப இறங்காது சார்.”

பின்வரிசையில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். சிரித்தவன் கையும் உயர்ந்தது. அப்புறம் வரிசை வரிசையாக. “கலாஸ்”, முடிந்தது என்று அரபியில் சொல்லிவிட்டு உமாபதி வெளியேறினார். அவர் போகும்போதும் ராஜிக் விறைப்பாகத்தான் நின்றார்.

முறையீடு போனது. ஈசா வேறு கம்பெனிக்கு மாறி அமீரகத்திலேயே தங்கினான்.

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு அவசரம் வேண்டாம். ராஜிக்கின் வேலை ஏன் போகவில்லை? நகரத்துக்கு ஒதுக்குப்புறமாக ஜெபல் அலியில் ஒரு குடோனுக்கு மாற்றினார்கள். கோடை முடிந்ததும் பழைய இடத்துக்கே அழைத்துக்கொண்டார்கள். உள்ளுக்குள் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். உமாபதியின் காரில் அவரைப் பார்த்ததாகவும் ஒரு பேச்சு. பார்த்தவர் யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ராஜிக்கிடம் கேட்டால், “டியூட்டிக்கு நேரமாச்சு” என்பார்.

அடுத்த வருடச் சங்கத் தேர்தலுக்குள் அவருடைய ரிசர்வ் காலம் முடிந்திருந்தது. இனி எந்தப் படையும் அவரைக் கூப்பிட முடியாது. அவரைத் தலைவராக்கிவிடுவது என்று எல்லோரும் முடிவோடு வந்திருந்தார்கள். ஓட்டு இல்லாவிட்டாலும், பார்க்க வேண்டும் என்று ஈசாவும் வந்திருந்தான். உமாபதி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று அவர் நுழைந்தபோது பாதி நாற்காலிகள் நகரவில்லை.

“தலைவர் பதவிக்கு யார் பெயர்?” என்று தேர்தலை நடத்தியவர் கேட்டதும், மற்றவர்கள் வாய் திறக்கும் முன் ராஜிக் எழுந்து நின்றார்.

“மேஜர் உமாபதி சார் பெயரை முன்மொழிகிறேன்.”

“ஏன் காக்கா?” என்றான் ஈசா, எல்லோருக்கும் கேட்கும்படி.

“அன்னைக்குக் கை தூக்கினது தீர்மானத்துக்கு எதிரா, சாருக்கு எதிரா இல்ல” என்றார் ராஜிக். பிறகு, வழிமொழிய யாராவது எழுவார்களா என்று முன்னால் திரும்பி, நின்றபடியே காத்திருந்தார்.