முதல் நாளே எடையோடு பஸ்கி

எங்கள் வீடு மயிலாப்பூரில் இரண்டாவது மாடி. தண்ணீர் லாரி வந்தால் குடங்களை மேலே கொண்டுவருவது என் கணவர்தான். தொப்பையைக் குறைக்கிறேன் என்று போன கோடையில் அடையாறில் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். முதல் நாளே, கைகால்களைக் கொஞ்சமும் உதறிக்கொள்ளாமல் பஸ்கி எடுக்கப் போயிருக்கிறார். "இன்னா மச்சி, வெறும் உடம்போட பஸ்கியா? வெயிட்ட போடு" என்று உசுப்பிவிட்டவர் கூடப் போன நண்பர். தோளில் எடையோடு எழும்போது முழங்கால் உள்பக்கம் மடங்கிவிட்டது. ஆட்டோவில்தான் வீடு வந்து சேர்ந்தார்.

"நல்லவேளை, ஜவ்வு கிழியல. ஒரு மாசம் எதையும் தூக்காதீங்க" என்றார் டாக்டர்.

"தண்ணிக் குடம்கூடவா டாக்டர்?" என்று இவர் கேட்டாரே, எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த மாதம் முழுக்கக் குடம் சுமந்தது நான். நலம் விசாரிக்க வந்த நண்பர் காபி குடித்துவிட்டுப் போனார்.

இப்போது நான் பக்கத்தில் நின்றால்தான் பஸ்கி. முதலில் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். பிறகு எடையே இல்லாமல், நாற்காலியில் உட்காரப் போவதுபோல் மெல்ல இறங்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முட்டி உள்ளே சாய்ந்தாலோ, சுருக்கென்று வலித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டே ரெண்டு" என்று கெஞ்சுவார். நான் மசிவதில்லை.