பதினாலு கல்லுச்செடிகள்

நாலு வருசத்துக்கு முந்தி, மாசி மாதக் கடைசியில், நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் நடந்த விசயம் இது. பதினெட்டு வருசம் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் திரும்பவும் படித்து, கொம்மூன் என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் தற்காலிக ஆளாகச் சேர்ந்திருந்தேன். காலமை காரை எடுத்தால் மத்தியானத்துக்குள் ஏழு வீடு. ஒரு வீட்டில் குளிக்க உதவி, அடுத்த வீட்டில் காலுறை போட்டுவிடுகிற வேலை, இன்னொரு வீட்டில் மருந்துக் குளிசை எடுத்துக் கொடுக்கிற வேலை. இப்படித்தான் ஒவ்வொரு நாளும்.

அதில் நாலாவது வீடு ஒரு டெனிஷ் பெண்ணுடையது. என்னைவிட இரண்டு வயதுதான் கூட. நரம்பு நோய் வந்து, வீல்செயாரில் இருந்தார். அதற்கு முதல் மண், பாறைகளை ஆராய்கிற வேலைக்காக ஒன்பது வருசம் நமீபியாவில் இருந்தவராம். முன் அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. சிவப்பு மணலில் நிற்கிற, மணல் நிறத்திலேயே ஒரு சின்னக் குருவி. அந்த நாட்டு மணல் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவியாம். தண்ணி குடிக்கத் தேவையில்லை, தின்னுகிற பூச்சியில் இருக்கிற ஈரமே அதற்குக் காணும் என்றார். நான் பெரிதாக நம்பவில்லை.

யன்னலுக்குக் கீழே இருந்த நீளமான பலகையில் இருபத்துமூன்று சின்னச் சாடிகள். ஒவ்வொன்றிலும் கூழாங்கல் மாதிரி இரண்டு மூன்று. முதல் நாள் நான் கல்லுச் சேர்க்கிறவர் என்றுதான் நினைத்தேன். கல்லில்லை, செடி என்று அவர்தான் சொன்னார். நடுவில் ஒரு பிளவு, அதற்கு இரண்டு பக்கமும் தடித்த இலை, அவ்வளவுதான் முழுச்செடியும். எல்லாம் நமீபியாவில் மட்டும் முளைக்கிற இனங்கள். அதில் ஊதா நிறத்தில் இருந்தது, அந்த நாட்டிலும் கடலோரமாக ஒரு துண்டு நிலத்தில் மட்டும்தான் இருக்கிறதாம். விதை வாங்கி, பதினொரு வருசமாக இந்த யன்னலடியில் வளர்த்திருந்தார். அந்தப் பலகையில் ஒன்றையும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். என் பெரிய கையால் தட்டி விழுத்திப்போடுவேன் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாசியில் அவருக்கு நிமோனியா வந்து, கோல்டிங்கில் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து எனக்குப் போன் எடுத்து, குசினியில் அடுப்புப் பக்கம் இருக்கிற செடிகளுக்கு மட்டும் திங்களும் வியாழனும் தண்ணி விட முடியுமோ என்று கேட்டார். வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது. ஓம் என்றேன்.

முதல் திங்கள் குசினிச் செடிகளுக்கு விட்டுவிட்டு முன் அறையை எட்டிப் பார்த்தேன். கல்லுச்செடி எல்லாம் சுருங்கி, தோல் மடிந்து, சில காய்ந்த கடதாசி மாதிரி. மண் தூசியாகக் கிடந்தது. நோய் வருத்தத்தில் மனிசி இதுகளை மறந்துபோனார், திரும்பி வந்து எல்லாம் செத்துக் கிடக்கிறதைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். குளிர்தண்ணி கூடாது என்று கொஞ்சம் இளஞ்சூடாக்கி, ஒவ்வொரு சாடிக்கும் நிதானமாக விட்டேன். வியாழக்கிழமை போனபோது எல்லாம் பொம்மென்று இருந்தன. பொய் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பவும் விட்டேன்.

அடுத்த கிழமை, திங்களன்று, கதவைத் திறந்ததும் அழுகின வெங்காய மணம். பலகையில் பாதிக்கு மேல் வெடித்து, சளி மாதிரி வழிந்து கிடந்தது. விரலால் தொட்டேன், உள்ளே போனது. எண்ணிப் பார்த்தேன். பதினாலு சாடி. ஊதாவும் அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்ல, அவள் போனில் தேடி டெனிஷில் வாசித்தாள். குளிர்காலத்தில் இதுகளுக்கு ஒரு துளியும் விடக்கூடாதாம். எல்லாரும் எழுதியிருக்கிற முதல் விசயமே அதுதான் என்றாள்.

அடுத்த கிழமை எனக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகம் இருந்தது. என் மனைவிக்கு அதுதான் யோசனை.

"நீங்கள் தண்ணி விட்டது ஆருக்குத் தெரியும்? ஆளில்லாத வீட்டில தானாப் பட்டுப்போச்சுதெண்டு இருக்கட்டும்," என்றா.

அவ சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் லீவு. காரை எடுத்துக்கொண்டு கோல்டிங்குக்குப் போனேன். துணிவென்று சொல்ல ஏலாது. அவர் வந்து பலகையைப் பார்க்கிற நேரம் நான் பக்கத்தில் நின்று ஆச்சரியப்படுகிற மாதிரி நடிக்க வேண்டும், அது என்னால் முடியாது என்று தெரிந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்தார். முழுவதையும் சொன்னேன். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை?"

"பதினாலு."

"ஊதா?"

"அதுவும்."

ஏன் செய்தாய் என்று கேட்டார். டெனிஷில் எல்லாருக்கும் நீதான். வாடிப்போய்ப் பாவமாகக் கிடந்தது என்றேன்.

"அது வாடேல்லை. உள்ளுக்குப் புது இலை வளர்ந்துகொண்டிருந்தது. பழைய இலையில இருக்கிற தண்ணியைத்தான் புது இலை எடுத்துக்கொள்ளும். அதுக்குத்தான் பழசு சுருங்குது."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது காதில் விழுந்தது என்று தலையாட்டினார். பிறகு, "இப்ப நீ போ," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் ரேடியோவும் போடாமல் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் அலுவலகத்துக்கு அறிவித்தார். மறைக்கவில்லை. நான் செய்ததையும், நானே போய்ச் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்தார். பொறுப்பாளர் கூப்பிட்டுக் கதைத்தா. நேர்முகம் அரை வருசம் தள்ளிப்போனது. அந்த வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்தேன். ஆனால் அவர் வீட்டுக்கு வந்த அடுத்த நாள் என் பட்டியலில் அந்த வீடு இருந்தது. ஆளை மாற்றவேண்டாம் என்று அவர்தான் சொன்னாராம்.

முதல் இரண்டு கிழமை தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. வெறும் சாடிகள் பலகையிலேயே இருந்தன. ஒருநாள் காலமை, கம்பளிச் சட்டை போட்டுவிட்டு, வழக்கம்போல நான் குனிந்து பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னால இது முடியும். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நீ ஒருநாளும் கேக்கேல்லை."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஐந்து பொத்தான். விரல் நடுங்கி, மூன்றாவது இரண்டு தரம் வழுக்கிப்போனது. என் கை தானாக எழும்பப் பார்த்தது, தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஆறு ஏழு நிமிசம் இருக்கும். முடித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. கோப்பி போடச் சொன்னார், போட்டேன். அடுத்த வீட்டுக்குப் பிந்திப் போனேன்.

ஏழு மாதமாக ஒவ்வொரு காலமையும் அந்த ஐந்து பொத்தானையும் நான் பூட்டியிருக்கிறேன். அது நல்ல வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தப் பெண்ணும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். ஒருவரைப் பார்த்து மனம் இளகி என் கை முன்னுக்குப் போகிற நேரமெல்லாம், இது அவருக்குத் தேவையா, இல்லை எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் கிடக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளப் பழகுகிறேன். இப்போதும் சில நாள் அது தவறிப்போகிறது.