குக்கும் குக்கரும்

என் தம்பி வெளியூரில் ஒரு விடுதிச் சமையல்காரன். பெரிய அண்டாவுக்கும் ருசி பார்க்காமலே சரியாக உப்புப் போடுவான். அந்த ஊர் பாஷை அவனுக்கு வராது, இங்கிலீஷும் அரைகுறைதான். வேலையில் சேர்ந்த அன்று, "ஐ ஆம் குக்கர்" என்று சொல்லிவிட்டான். அதுமுதல் அவனைக் கண்டாலே எல்லோரும் விசிலடிக்கிறார்களாம்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அகராதியில் பார்த்து உறுதி செய்துகொண்டு போன் செய்தேன்.

"டேய், சமைக்கிற ஆளு குக். குக்கர்னா பாத்திரம்டா. இனிமே சரியாச் சொல்லு."

"தெரியும்க்கா. மறுநாளே ஒருத்தர் சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்டா மாத்திக்கல?"



"விசிலடிக்கத்தான் பக்கத்துல வராங்கக்கா. அதுவும் இல்லன்னா, நாள் முழுக்க ஒருத்தரும் என்கிட்ட வரமாட்டாங்க."

இன்றைக்கு என்ன சமைத்தான் என்று கேட்டேன். அவன் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்கவில்லை.